குறுக்கேயும் ஒரு முறை

என் பத்தங்குல மர வளையம் ஒன்று பக்கத்துக் கடை ரேடியோக்காரரிடம் போனது போனதுதான். பூத்தையல் போடும்போது துணியை இறுக்கிப் பிடிக்க வைத்திருந்தது. ஒரு நாள் காலை என் கடைக்குள் தலையை நீட்டி, "யம்மா, அந்த வளையத்த ரெண்டு நாளைக்குக் குடு, பாத்துட்டுத் தரேன்" என்றார். என்ன பார்ப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் ஒன்றைக் கேட்டால் பதில் முடிவதற்குள் எனக்கு ஒரு ரவிக்கை பாக்கி விழுந்துவிடும்.

மூன்றாம் நாள் பார்த்தால் என் வளையத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி. எரிந்துபோன மின்விசிறியிலிருந்து உரித்த கம்பி. வளையத்தை ஒரு மூங்கில் கழியின் அடியில் படுக்கவைத்துக் கட்டியிருந்தார். கழியின் மேல்பக்கம் ஒரு சோப்பு டப்பா. அதற்குள் டிரான்சிஸ்டர் ரேடியோவின் குடல் குந்தாணியெல்லாம் இருந்தது. டப்பாவிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி அவர் காதில் போய் முடிந்தது.

"இன்னாண்ணா இது, காவடியா?"

"மண்ணுக்குள்ள காசு கெடந்தா கூப்புடும்மா. கேக்கறதுக்கு ஆளு வேணும் இல்ல?"

எழுபதுகளின் கடைசி அது. தேரடித் தெருவிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் இருவர் கடைகளும் ஒட்டி ஒட்டி இருந்தன. அவருடையது ரேடியோ ரிப்பேர், என்னுடையது லேடீஸ் டெய்லர். நடுவே பலகைத் தடுப்புதான். அவர் இருமினால் என் ஊசி நின்றுவிடும். ஊர் அவரை ரேடியோக்காரர் என்றது. நான் அண்ணா என்றேன். நாற்பது வயதிருக்கும். வலது காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் சொருகியிருக்கும். அதனால் யார் பேசினாலும் இடது காதைத்தான் கொடுப்பார்.

அந்த மனிதருக்கு ஒரு வியாதி இருந்தது. எதையும் ஒரு பக்கம் மட்டும் கேட்டு நம்ப மாட்டார். ஒருவர் ரேடியோவைக் கொண்டுவந்து, "தானா வுழுந்துச்சுங்க" என்று சொன்னால், "வூட்டுக்காரம்மா இன்னா சொன்னாங்க?" என்பார். வந்தவருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மறுநாள் அந்த அம்மா காய் வாங்க வரும்போது நிறுத்தி விசாரித்துவிடுவார். கிரிக்கெட்டில் தோற்றதற்குச் சுவரில் அடித்தது அப்போதுதான் வெளியே வரும். பிறகுதான் பெட்டியைத் திறப்பார். "தானா வுழுந்தா ஒரு மாதிரி ஒடையும், அடிச்சா ஒரு மாதிரி ஒடையும். தெரியாம எப்பிடிம்மா கை வைக்கறது?" அதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு வேலைக்கு மூன்று நாள் ஆனது.

காசு தேடும் மிஷினிலும் இதே கதைதான். கார்த்திகைத் தீபம் முடிந்த மறுவாரம், மாட்டுச்சந்தை கலைந்த மைதானத்துக்குப் போவார். லட்சம் பேர் மிதித்த மண். மடியிலிருந்தும் முந்தானையிலிருந்தும் என்னென்னவோ உதிர்ந்திருக்கும். சந்தையில் விட்ட காசைச் சந்தையிலே தேடுகிறாரே என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கப் போனவள், கூடவே நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

போனதும் தேட மாட்டார். மிஷினைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா நிற்பார். "சூடு புடிக்கட்டும். இல்லன்னா சத்தம் அதுவா நகரும், நாம காசுன்னு ஏமாந்துடுவோம்." அப்புறம் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அதே மண்ணில் அரை சாண் ஆழத்தில் புதைத்து, மேலே வளையத்தை ஓட்டிக் கேட்பார். இந்த மண்ணில், இந்த ஈரத்தில், காசு எப்படிக் கூப்பிடும் என்று காதுக்குப் பாடம். இரும்பென்றால் சத்தம் தடித்து இறங்குமாம். செம்பும் வெள்ளியும் என்றால் மெலிந்து ஏறுமாம். மாட்டு லாடத்து ஆணி ஏமாற்றும், சோடா மூடி அதைவிட ஏமாற்றும் என்பார். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் என்றால் அவருக்குத் திருவிழா. ஈர மண்ணில்தான் காசு நன்றாகக் கூப்பிடும் என்பது அவர் கட்சி.

வளையத்தைத் தரைக்கு ஒட்டினாற்போல், ஆனால் உரசாமல், மெதுவாக ஓட்டுவார். ஒரு முறை ஓட்டிய இடத்தில் பாதியை அடுத்த முறை மறுபடி சேர்த்துக்கொள்வார். "இத எங்க கத்துக்கினீங்க?" என்றேன். "எம்பொண்டாட்டி சாணி மெழுகறத பாத்துதாம்மா. கை போன எடத்துமேல பாதி கை மறுபடி போவும். அதான் திட்டு வுழாது." ஆறு வருஷம் நானும் வாசல் மெழுகியிருக்கிறேன். அதில் இவ்வளவு விஷயம் இருப்பது எனக்குத் தெரியாது.

சத்தம் கேட்டுவிட்டால் தோண்டிவிடுவார் என்று நினைக்கிறீர்களா? மாட்டார். அப்படியே கால் வட்டம் சுற்றிவந்து, முதலில் கிழக்கு மேற்காக ஓட்டியதைத் தெற்கு வடக்காக ஒரு முறை ஓட்டுவார். "ஒரு பக்கம் கேட்டா சத்தம். குறுக்கேயும் கேட்டாதான் சேதி." இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சின்னக் களைக்கொத்தை வைப்பார். வைப்பதற்கு முன், சுற்றி நிற்பவர்களிடம் ஆருடம் சொல்வார்: "செம்பு. நாலு வெரல்." தோண்டி எடுத்தால் பாதி நாள் அதேதான். மீதி நாள் சோடா மூடி. சோடா மூடிக்கும் அதே சந்தோஷம் அவருக்கு. சத்தம் என்னவென்று தெரிந்துவிட்டதே, அதுதான் அவருக்கு வேண்டியது. தெரியாத ஒரு சத்தத்தை மண்ணுக்குள் விட்டுவிட்டு அவர் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

எடுத்ததையெல்லாம் கடை முகப்பில் ஒரு பலகையில் ஆணி அடித்து மாட்டிவைப்பார். ஒற்றை மெட்டி, திருகில்லாத கம்மல், சாவி. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அம்மாள் வந்து மெட்டி தன்னுடையது என்றார். "எந்தப் பக்கம் வளஞ்சிருக்கும், சொல்லுங்க" என்றார் இவர். அந்த அம்மாள் சரியாகச் சொல்லிவிட்டு, மெட்டியை வாங்கிப் போட்டுக்கொண்டு, "போலீஸ்காரன் தோத்தான்" என்று முகவாயை இடித்துக்கொண்டு போனார்.

மெட்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேடிக்கை பார்க்கப் பெண்கள் கூடிவிட்டால் அவருக்குக் கஷ்டம். வளையம் தரையோடு போவதால் கால்விரல் வெள்ளியெல்லாம் கூவ ஆரம்பித்துவிடும். "மெட்டி போட்டவங்க பத்தடி தள்ளி நில்லுங்க!" என்று கத்துவார். அன்று நானும் எல்லோரோடும் நகர்ந்தேன். "நீ நிக்கலாம்மா" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். என் கணவர் காமாலையில் போய் அப்போது இரண்டு வருஷம். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் அன்றிலிருந்து மிஷினுக்கு மிக அருகில் நிற்கிற உரிமை எனக்கு மட்டும் கிடைத்தது. அதுவும் முந்தானையில் குத்தியிருக்கும் குண்டூசிகளைக் கழற்றி வைத்த பிறகுதான்.

ஆயுத பூஜைக் கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. பூஜை முடிந்த மறுநாளிலிருந்து மிஷின் நிற்காமல் அலறியது. புழுதியிலும் அலறியது, சிமெண்டுத் தரையிலும் அலறியது, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாலும் அலறியது. இரண்டு நாள் பிரித்துப் போட்டுக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தேன். வளையத்தில் சுற்றிய பூச்சரம் வாடிச் சருகாகியிருந்தது. அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசு தொங்கி ஆடியது. மிஷின் நன்றாக ஓட வேண்டுமென்று அவர் மனைவி அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டு, அதை மிஷினிலேயே கட்டிவிட்டிருந்தார். பூஜைப் பூவைக் கழற்றுவது பாவம் என்று இவர் அதைத் தொடவே இல்லை. "அப்போ மிஷின் மேல தப்பு இல்ல," என்று விழுந்து விழுந்து சிரித்தார். "காச பாத்துதான் கத்தியிருக்குது பாவம்."

இனிமேல் சொல்லப்போவது என் கதை. அதில்தான் அவரைச் சரியாகத் தெரிந்துகொண்டேன்.

என் கணவரும் அவர் அண்ணனும் பிரித்துக்கொண்ட பழைய மண்சுவர் வீடு எங்களுடையது. பாகப் பத்திரத்தில் ஒரே வரி: வாசற்காலுக்கு மேற்கே மூத்தவருக்கு, கிழக்கே இளையவருக்கு. ஒரு ஐப்பசி மழையில் வீடு மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. மரத்தை எடுத்து, மண்ணை நிரவி, எல்லாம் தரைமட்டம். வாசற்கால் நின்ற இடம் எது என்று காட்ட ஒரு செங்கல்கூட இல்லை. அதே சமயம் என் கடையின் சொந்தக்காரர் தன் மகனுக்கு வேண்டும் என்று கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். என் பாகத்தில் தெருவைப் பார்த்து ஓர் அறை கட்டினால்தான் எனக்குத் தொழில். நான் காட்டிய இடத்தில் வாசற்கால் என்றால், தையல் மெஷினும் துணி வெட்டும் மேஜையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். என் கணவரின் அண்ணன் காட்டிய இடம் அதற்கு இரண்டடி கிழக்கே. அதன்படி என்றால் மெஷின் மட்டும்தான் நிற்கும்.

தெருப் பெரியவர்கள் கூடினார்கள். "ஆறு வருஷம் தெனம் அந்த வாசல்ல கோலம் போட்டவ நான், எனக்குத் தெரியாதா?" என்றேன். அந்த ஒரு பேச்சு எடுபட்டுவிட்டது. என் கணவரின் அண்ணன் ரைஸ்மில்லில் வேலை செய்கிற சாது. மூன்று பெண்கள். "அது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒதுங்கிவிட்டார். தை முதல் முகூர்த்தத்தில் எல்லைக்கல் நடுவது என்று முடிவானது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஜெயித்தவளுக்கு வாய் நிற்குமா? வாசற்கால் வைக்கும்போது அடியில் நவதானியத்தோடு ஒரு வெள்ளி ரூபாய் போட்டதாக என் மாமியார் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான், ஏதாவது ஒரு காசு போடாமல் வாசற்கால் ஏறாது. அந்தக் காசையே எடுத்துக் காட்டிவிட்டால் நாளைக்கு ஒருவரும் பேச முடியாது என்று நினைத்தேன். தடுப்புப் பலகையைத் தட்டினேன்.

"அண்ணா, மிஷின எடுத்துக்கினு வாங்க."

"உங்க வூட்டுக்காரரோட அண்ணன் இன்னா சொல்றாரு?"

"அவரு ஒத்துக்கினாருண்ணா."

"அவரு வாயால கேக்கறேன்."

அன்று மாலையே ரைஸ்மில்லுக்குப் போய், அவரோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் கூப்புட்டா நீங்க எதிராளியோட டீ குடிப்பீங்களா?" என்றேன். "சுத்தி வராம எப்பிடிம்மா தோண்டறது?" என்றார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் நாள் மாலை பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவைக்கச் சொன்னார். மார்கழிக் காலை, ஏழு மணி. நாங்கள் இருவர்தான். வழக்கம்போலப் பத்து நிமிஷம் நின்றார். தன் காசைப் புதைத்து ஒத்திகை பார்த்தார். பிறகு நான் காட்டிய இடத்தில் மெழுக ஆரம்பித்தார்.

ஓர் ஆணி வந்தது. வேறொன்றும் இல்லை. "மெதுவாப் போங்கண்ணா" என்றேன். இன்னும் மெதுவாகப் போனார். குறுக்கே போனார். ஒன்றும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்தார். ஓரடி. ஒன்றரை. இரண்டு. வளையம் நின்றது. பின்னால் போய் மறுபடி வந்து அதே இடத்தில் நின்றது. சுற்றிவந்து தெற்கு வடக்காக ஓட்டினார். அங்கேயும் நின்றது.

ஆருடம் சொல்லவில்லை. காதுக் குமிழைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்றா சொன்னேன்? அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. கோலத்தின் கடைசிப் புள்ளி வேப்பமரத்து நிழலைத் தொடும். அந்த நிழல் இங்கேதான் விழும், அங்கே இல்லை. என் கண்ணைவிட என் ஆசைக்குத்தான் ஞாபகசக்தி ஜாஸ்தியாக இருந்திருக்கிறது.

களைக்கொத்தோடு அவர் குனிந்தார்.

"தோண்டாதீங்கண்ணா" என்றேன்.

குனிந்தவர் அப்படியே நின்றார். "கேட்டுட்டேனேம்மா."

"நீங்க மட்டும்தானே கேட்டீங்க? கடைய வுடச் சொல்லிட்டாங்க. நான் எங்க போயி மெஷின் போடுவேன்?" அழுகையும் கோபமுமாக வந்தது எனக்கு. அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. சோடா மூடியைக்கூட விடாத மனிதர், களைக்கொத்தை அந்த மண்ணில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

கடைசியில் நிமிர்ந்தார். "நானா போயி சொல்ல மாட்டேம்மா. யாருன்னா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். யாரும் கேக்காம இருக்கட்டும்" என்றார். களைக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு, மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மண்ணுக்குள் ஒரு சத்தத்தை அவர் விட்டுவிட்டுப் போனது அந்த ஒரு முறைதான்.

ஒன்பது நாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் இருமினார், ரேடியோக்கள் பாடின, ஒரு வார்த்தை அதைப் பற்றி இல்லை. ஒரு பார்வைகூட இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. திட்டினால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டார் என்பது மட்டும் காதில் விழுந்தது.

பத்தாம் நாள் என் கணவரின் அண்ணி வந்தார். மூன்று பெண்களுக்கும் பொங்கல் பாவாடைக்குத் துணி. அளவு எடுத்து முடித்த பிறகு, போகிறபோக்கில் சொன்னார்:

"ரேடியோக்காரரு மில்லுக்கு வந்தாரே, அன்னிக்கு அவருகிட்ட சொன்னத வூட்ல வந்து சொன்னாரு உங்க மாமா. எனக்கு வாசக்கால் எடம் நல்லாத் தெரியும், ஆனா அது தையல நம்பி நிக்கிது, நமக்கு ரெண்டடியில இன்னா வந்துடப் போவுது, வுட்டுட்டேன்னாரு. நீ மனசுல ஒண்ணும் வச்சிக்காதம்மா."

எனக்குக் கையில் இருந்த டேப் நழுவியது. இதை ரேடியோக்காரர் டீ குடித்த அன்றே கேட்டிருக்கிறார். கேட்டும் எனக்காக வந்து மண்ணில் மெழுகியிருக்கிறார். நான் ஒருத்திதான் குறுக்கே கேட்காதவள்.

"அக்கா, மாமாவ மம்முட்டி எடுத்துக்கினு இப்பவே வரச் சொல்லுங்க" என்றேன்.

நான் காலால் கோடு போட்டுக் காட்டினேன். மாமா வந்து தோண்டினார். அரை சாணில் மக்கிய தானியக் கறுப்பு, அதற்குள் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். அவர் கையில் வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பா வச்சதும்மா" என்றார். எப்படி இடம் தெரிந்தது என்று கேட்கவில்லை. எல்லைக்குக் கட்டியிருந்த கயிற்றை நானே நகர்த்திக் கட்டினேன். அந்த ரூபாயை அவர் என்னிடம் நீட்டினார். "உன் அறைக்கு வாசக்கால் வைக்கறப்போ போட்டுக்க."

நேராக ரேடியோ கடைக்குப் போனேன். கை மூடியிருந்தது. மன்னிப்புக் கேட்பதா என்று யோசித்தேன். அவர் என் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எடுத்துட்டியா? இன்னா காசு? இரு இரு, சொல்லாத!"

சோப்பு டப்பாவைத் திறந்து உள்ளே மடித்துவைத்திருந்த ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். ஒன்பது நாளாக அங்கேயே இருந்திருக்கிறது. பென்சிலில் எழுதியிருந்தது: 'வெள்ளி. முக்கால் சாண்.'

"வெள்ளிதாண்ணா" என்றேன். "ஆனா அரை சாண்தான்."

"அரைதானா?" அவர் முகம் வாடிவிட்டது. "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டோம்மா."

ஏன், எப்படி, யார் சொன்னது, எதுவும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் விசாரிக்காமல் டீகூடக் குடிக்காத மனிதர் அவர். அன்று என்னை மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

மாசியில் அறை எழும்பியது. மெஷின் மட்டும்தான் நின்றது. துணியைத் தரையில் விரித்து, முட்டி போட்டு வெட்டினேன், முட்டி வலிக்கும்போதெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே. வாசற்கால் வைத்த அன்று காலையில், குழிக்குள் நவதானியத்தையும் அந்த ரூபாயையும் போட்டு மண் தள்ளியாகிவிட்டது. கொத்தனார் கலவைக் கரண்டியோடு குனிந்தபோது, "ஒரு நிமிசம் நில்லுய்யா" என்று சந்து முனையிலிருந்து குரல் வந்தது. மிஷினோடு ஓடி வந்தார்.

காதுக் குமிழைத் தன் காதில் மாட்டவில்லை. என்னிடம் நீட்டினார். இத்தனை வருஷம் கூடவே நடந்திருக்கிறேன், ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. மாட்டிக்கொண்டேன். பத்து நிமிஷம் எல்லோரையும் நிற்கவைத்தார், சூடு பிடிக்க வேண்டுமாம். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வளையம் மெதுவாகக் கிழக்கிலிருந்து மேற்கே போனது. கரகரவென்று ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து இழைபோல ஒரு சத்தம் மெலிந்து ஏறி, மறுபடி இறங்கியது.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சுண்ணா."

"இரு, குறுக்கேயும் ஒரு முறை."

சுற்றிவந்து தெற்கிலிருந்து வடக்கே ஓட்டினார். அதே இடத்தில் அதே சத்தம் ஏறியது. என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது.

அவர் பதறிப்போய் டப்பாவின் திருகைப் பிடித்தார். "சத்தம் ஜாஸ்தியா வச்சிட்டேனா? இரும்மா, கம்மி பண்றேன்."